சுண்ணாம்பின் சுற்றத்தார்

பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்லை அறியாதவர் நம் வட்டாரத்தில் இல்லை. அங்கு வெட்டிய கல் சிமெண்டு ஆலைக்குச் செல்கிறது. நம் மாவட்டத்துச் சிவகாசி மத்தாப்போ தீபாவளியன்று சிவப்பாகவும் பச்சையாகவும் எரிகிறது. மருத்துவமனையில் குடலை எக்ஸ்ரே படம் எடுக்குமுன் வெள்ளைக் குழம்பு ஒன்றைக் குடிக்கச் சொல்கிறார்கள். இம்மூன்றுக்கும் உறவு உண்டா? உண்டு. கல்லில் கால்சியம், சிவப்பு ஒளியில் ஸ்ட்ரான்ஷியம், பச்சை ஒளியிலும் வெள்ளைக் குழம்பிலும் பேரியம். மூன்றும் தனிம வரிசை அட்டவணையின் இரண்டாம் தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் சுற்றத்தார்.

உறவைக் கண்டவர்கள்

இந்த மூவரின் ஒற்றுமையை முதலில் கவனித்தவர் ஜெர்மானிய வேதியியலார் டாபரீனர். கால்சியத்தின் அணு எடை 40. பேரியத்தின் அணு எடை 137. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 88.5. நடுவில் நிற்கும் ஸ்ட்ரான்ஷியத்தின் அணு எடை ஏறத்தாழ 88. இத்தகைய மும்மைகள் சிலவற்றை அவர் 1829-இல் வெளியிட்டார்.

1865-இல் இங்கிலாந்தின் நியூலாந்து, தனிமங்களை எடை வரிசையில் வைத்தால் 'ச'வில் தொடங்கி ஏழு சுரம் கடந்து மீண்டும் 'ச' வருவதுபோல எட்டாவது தனிமம் முதல் தனிமத்தை ஒத்திருக்கிறது என்றார். கால்சியத்துக்கு அப்பால் அந்தத் தாளம் தப்பியது.

1869-இல் ருஷ்ய அறிஞர் மெண்டலீவ், அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களைக் கொண்டு அட்டவணை அமைத்தார். பொருந்தாத இடத்தில் தனிமத்தைத் திணிக்காமல், அந்த இடத்தைக் காலியாக விட்டதே அவருடைய பெருமை. காலி இடங்களுக்கு 'ஏகா அலுமினியம்', 'ஏகா போரான்', 'ஏகா சிலிக்கன்' எனப் பெயரும் வைத்தார். 'ஏகம்' என்ற வடசொல் நமக்குப் புதிதன்று. அவை முறையே காலியம் (1875), ஸ்காண்டியம் (1879), ஜெர்மானியம் (1886) எனக் கிடைத்தன. ஏகா சிலிக்கனின் அணு எடை 72 என்று அவர் கணித்தார். ஜெர்மானியத்தின் அணு எடை 72.6.

எடையன்று, எண்ணே அடிப்படை

எடை வரிசையிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆர்கானின் எடை 40, பொட்டாசியத்தின் எடை 39. எனினும் பண்பின்படி ஆர்கானே முதலில் வரவேண்டும். 1913-இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களை ஆராய்ந்து, வரிசைக்கு அடிப்படை எடையன்று, அணு எண்ணே எனக் காட்டினார். ஆர்கான் 18, பொட்டாசியம் 19. சிக்கல் தீர்ந்தது.

நம் சுண்ணாம்புக் குடும்பத்தின் அணு எண்களைப் பாருங்கள்: பெரிலியம் 4, மெக்னீசியம் 12, கால்சியம் 20, ஸ்ட்ரான்ஷியம் 38, பேரியம் 56, ரேடியம் 88. இடைவெளிகள் 8, 8, 18, 18, 32. நியூலாந்தின் தாளம் தப்பிய காரணம் இதுவே. கீழே போகப்போக வரிசை நீள்கிறது. இந்த ஆறுக்கும் கடைசிக் கூட்டில் இரண்டே எலக்ட்ரான்கள். அதனால்தான் பண்பில் ஒற்றுமை. கிடைவரிசையாகிய தொடர், எலக்ட்ரான் கூடுகளின் எண்ணிக்கையைச் சொல்லும். நெடுவரிசையாகிய தொகுதி, உறவைச் சொல்லும்.

உறவால் வரும் நன்மையும் தீமையும்

உறவினர் ஒருவர் இடத்தில் மற்றவர் புகுவது உண்டு. சுண்ணாம்புக்கல்லில் கால்சியத்தின் இடத்தை மெக்னீசியம் பிடிக்கும். அது மிகுந்தால், சிமெண்டு இறுகியபின் மெல்ல விரிந்து கட்டடம் வெடிக்கும். எனவே சாதாரண போர்ட்லண்டு சிமெண்டில் மெக்னீசியம் ஆக்சைடு 6 சதவீதத்தை மீறக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அணுகுண்டுச் சோதனைகளில் வெளிப்பட்ட ஸ்ட்ரான்ஷியம்-90, கால்சியத்தின் இடத்தில் எலும்பில் தங்கியதும் இதே உறவினால்தான்.

குடும்பத்தில் கீழே செல்லச் செல்ல, சல்பேட் உப்பு நீரில் கரையும் தன்மை குறைகிறது. மெக்னீசியம் சல்பேட் நன்கு கரையும்; கால்சியம் சல்பேட் சிறிதளவே கரையும்; பேரியம் சல்பேட் கரைவதே இல்லை எனலாம். கரையும் பேரிய உப்புகள் தசையையும் இதயத்தையும் தாக்கும் நஞ்சு. கரையாத சல்பேட்டோ குடலில் புகுந்து அப்படியே வெளியேறுகிறது. நோயாளி அதை அச்சமின்றிக் குடிக்கலாம்.

பச்சை மத்தாப்புக்கு உதவும் பேரியம் நைட்ரேட் கரையும் உப்பு. பட்டாசில் பேரிய உப்புகளைப் பயன்படுத்த உச்சநீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. மூச்சுக்கு அது நல்லது. ஆனால் மருந்து இடித்துப் பிழைக்கும் நம் அண்டை ஊர்க் குடும்பங்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. மாற்றுப் பொருளை எங்கே தேடுவது? அதே தொகுதியில் மேலே போனால் ஸ்ட்ரான்ஷியம். அது தருவது சிவப்பு. கீழே போனால் கதிர்வீசும் ரேடியம். ஆகவே தேடல் வேறு தொகுதிகளுக்குச் செல்ல வேண்டும். செம்பும் போரானும் பச்சைச் சுடர் தருபவை. எங்கே தேடக்கூடாது, எங்கே தேடலாம் என்பதை அட்டவணை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இன்று 118 தனிமங்கள் ஏழு தொடர்களை நிரப்பியுள்ளன. ரேடியத்தின் 88-உடன் 32-ஐக் கூட்டினால் 120. சுண்ணாம்பின் அடுத்த உறவினருக்கு உரிய அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. மனப்பாடம் செய்யும் பட்டியலாக அன்றி, உறவு முறை சொல்லும் ஏடாக இதைப் படிப்போமாக!