தேங்கிய சரக்கே தேடும் சரக்கு



கடை வைத்திருப்பவரின் உறக்கத்தைக் கெடுக்கும் சொல் ஒன்று உண்டு. அது 'தேக்கம்'. வாங்கிய சரக்கு விலை போகாமல் குடோன் மூலையில் கிடந்தால் முதலும் முடங்கும், இடமும் அடையும், எலிக்கும் பூச்சிக்கும் விருந்தாகும். தேங்கியதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு என்பதுதான் மண்டியில் உட்கார்ந்த நாளில் நம் தந்தையார் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். துவரம்பருப்புக்கும் மிளகாய்க்கும் அந்தப் பாடம் இன்றும் சரியே. ஆனால் ஒரு சரக்கு மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அன்று விற்காமல் போனதே இன்று தேடினாலும் கிடைக்காத பொருளாகி நிற்கிறது. அதுதான் பழைய இசைத்தட்டு. இதைத் தெரிந்துகொள்ள நாம் ஒரு நட்டப்பட வேண்டியிருந்தது. அந்த நட்டத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

பரணைக் காலி செய்த கதை

திருவண்ணாமலை தேரடி வீதியை அடுத்திருந்த நம் பழைய கடையை 1987-ஆம் ஆண்டு இடித்துக் கட்டினோம். தந்தையார் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பொறுப்பு முழுவதும் நம் தலையில். பரணில் இருந்த பழைய தராசு, எடைக்கற்கள், தகர டின்கள், கிழிந்த சாக்குகள் எல்லாவற்றையும் பழைய இரும்பு வாங்குபவரை அழைத்து மொத்தமாகப் போட்டோம். அவற்றோடு ஸ்பிரிங் அறுந்துபோன கைச்சாவி கிராமபோன் ஒன்றும், ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் போயின. கிராமபோனில் இருந்த இரும்புக்கு எடை போட்டார். தட்டுகளுக்கு விலையே இல்லை, பெட்டிக்காக எடுத்துக்கொண்டார். இடம் காலியானதே லாபம் என்று நாம் மகிழ்ந்தோம்.

மூன்று நாள் கழித்துத் தாயார் கேட்டார்: "மாமா தட்டு எங்கடா தம்பி?"

நம் தாய்மாமன் நாடகத்தில் பாடியவர். நாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இளம் வயதில் காலமாகிவிட்டார். 1930-களில் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போய் ஒரே ஒரு தட்டுப் பதிவு செய்தார்களாம். பக்கத்துக்கு ஒரு பாட்டு, மொத்தம் இரண்டு. தட்டு விற்கவில்லை. மறுபடி யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தாயார் திருமணமாகி வரும்போது கொண்டுவந்த பொருள்களில் அந்தத் தட்டும் ஒன்று. நமக்கு விவரம் தெரியும் முன்பே கிராமபோன் பழுதாகிவிட்டதால், மாமன் குரலை நாம் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குப் புகைப்படமும் கிடையாது.

அன்றே பழைய இரும்புக் கடைக்கு ஓடினோம். பெட்டி இருந்தது. தட்டுகள் இல்லை. யாரோ வந்து அள்ளிப் போனதாகச் சொன்னார்கள். உடைந்தவை கொஞ்சம் வாசலில் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ஒட்ட வைத்துப் பார்த்தோம். அதில் மாமன் பெயர் இல்லை. அன்று தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை.

அரக்கும் மூன்று நிமிடமும்

தேடத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சரக்கின் வரலாறு நமக்குப் புரிந்தது. நம் நாட்டில் கிராமபோன் கம்பெனியார் முதன்முதலாகப் பதிவு செய்தது 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில். அன்று பாடியவர்களில் கௌஹர் ஜான் என்ற பாடகி பெரும் புகழ் பெற்றார். பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் சொல்லுவார். அன்று தட்டு அச்சானது ஜெர்மனியில்; அங்கே இருப்பவர்கள் எது யாருடையது என்று மாற்றிவிடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. நாம் மூட்டையில் முத்திரை எழுதுவது போலத்தான். 1908-ல் கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்தபின் தட்டுகள் இங்கேயே அச்சாயின.

பத்து அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். தட்டுக்குப் பிடிமானம் தந்தது அரக்கு. அதோடு கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்தி எடுப்பார்கள். உலகம் முழுவதும் தட்டுத் தயாரிப்புக்கு அரக்கு கொடுத்த முக்கிய நாடு நம் நாடு. இரண்டாம் உலகப் போரில் அரக்கு கிடைக்காமல் 1942-ல் அமெரிக்க அரசு அதன் உபயோகத்துக்கே கட்டுப்பாடு வைத்தது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்ற நிலைமை அங்கே வந்தது. எத்தனையோ பாட்டு அப்படி மறுபடி மாவாகிப் போயிற்று.

இந்தத் தொழிலை வளர்த்ததில் நம் போன்ற கடைக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய ஏ.வி. அண்டு சன்ஸ் கடையில் இசைத்தட்டும் விற்றார்கள். அவர் மகன் மெய்யப்பன், பிறர் பதிவு செய்ததை விற்பானேன், நாமே பதிவு செய்தால் என்ன என்று யோசித்தார். 1932-ல் சென்னையில் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஓடியன் முத்திரையில் தென்னாட்டுப் பாடகர்களின் தட்டுகளை வெளியிட்டார். பிற்காலத்தில் ஏவி.எம். நிறுவனம் கண்டவர் அவர்தான். சில்லறைக் கல்லாவில் உட்கார்ந்தவர் சந்தையைக் கவனித்துத் தயாரிப்பாளரானதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்கு வேண்டியதில்லை.

விற்றது நிற்கும், விற்காதது மறையும்

எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் தம் 27-ஆம் வயதில் மறைந்தார். இன்றும் அவர் குரலைக் கேட்கிறோம். காரணம், அவர் தட்டுகள் ஏராளமாக விற்றன. திரும்பத் திரும்ப அச்சாயின. கே.பி. சுந்தராம்பாள் தட்டும் அப்படியே. வீட்டுக்கு வீடு இருந்ததால், எத்தனை உடைந்தாலும் மிச்சம் இருந்தது. நம் மாமன் போன்றவரின் தட்டு சில நூறு அச்சாகியிருக்கலாம். அவற்றில் பாதி கடையிலேயே தேங்கியிருக்கும். விற்காததை மறுபடி யார் அச்சிடுவார்கள்? ஆகவே புகழ் பெற்றவர் தட்டு மலிவு. பெயர் தெரியாதவர் தட்டு அரிது. நம் வியாபாரப் புத்திக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் வரத்துக் குறைந்தால் விலை ஏறும் என்ற மண்டிக் கணக்கேதான் இது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள நியாயம் இல்லை என்பதை ஓர் ஆங்கிலேயர் நமக்குக் காட்டினார். ரமணாசிரமத்துக்கு ஆண்டுதோறும் மார்கழியில் வருபவர். நம் சில்லறைக் கடையில் அரிசி பருப்பு வாங்குவார். கல்லாவுக்குப் பின்னால் நாம் அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். அவரும் தட்டுச் சேகரிப்பவர். அவர் சேகரிப்பதோ 'ஹெவி மெட்டல்' என்ற வகை. மின்சார கிதாரும் டிரம்மும் சேர்ந்து காதைப் பிளக்கும் பாட்டு அது. பர்மிங்ஹாம் நகரத்து பிளாக் சப்பாத் குழுவினர் 1970-ல் முதல் தட்டு வெளியிட்டதிலிருந்து அந்த வகை வேரூன்றியது.

1979-ஐ ஒட்டி இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் இளைஞர்கள் பலர் குழு சேர்த்தார்கள். பெரிய கம்பெனி எதுவும் சீந்தாததால் கைக்காசு போட்டு ஏழு அங்குல வினைல் தட்டுகளைத் தாங்களே அச்சிட்டார்கள். ஷெஃபீல்டு நகரத்து டெஃப் லெப்பர்டு குழுவினர் 1979-ல் அச்சிட்டது முதலில் 1,000 தட்டு. லண்டன் அயர்ன் மெய்டன் குழுவினர் அதே ஆண்டு 5,000 தட்டு அச்சிட்டுத் தபாலில் விற்றார்கள். இந்த இரண்டு குழுவும் பிறகு உலகப் புகழ் பெற்றன. "அவர்களை எல்லோரும் தேடுவார்கள். நான் தேடுவது ஒரே ஒரு தட்டுப் போட்டுவிட்டு ஆலை வேலைக்குத் திரும்பிப் போனவர்களை" என்றார் அந்த ஆங்கிலேயர். விற்காத தட்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடந்து, வீடு மாறும்போது குப்பைக்குப் போயினவாம். தப்பியதற்கு இன்று பெரும் விலை. அந்தப் பாட்டு நமக்கு ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஆனால் அவர் சொன்னது நம் மாமன் கதைதான்.

தேடியதில் கிடைத்தது

மாமன் தட்டைத் தேடிச் சென்னைக்குப் பல முறை போனோம். பழைய புத்தகத்துக்கும் தட்டுக்கும் பெயர் போன மூர் மார்க்கெட் 1985-லேயே தீக்கிரையாகிவிட்டது. அங்கிருந்து அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறிய கடைகளில் தட்டுத் தட்டாகப் புரட்டினோம். வேலூர், ஆரணி, செங்கம் என்று கொள்முதலுக்குப் போன ஊர்களில் எல்லாம் பழைய சாமான் கடைகளில் விசாரித்தோம். ஒலிபெருக்கிக் குழாய் கட்டித் திருமணத்துக்கும் தீபத்துக்கும் பாட்டுப் போட்ட சவுண்டு சர்வீஸ்காரர் வீடுகளையும் விடவில்லை. மாமன் கிடைக்கவில்லை. ஆனால் மாமனைப் போன்ற பலர் கிடைத்தார்கள். யாரென்றே தெரியாத நாடகப் பாடகர், ஊர்ப்பெயர் மட்டும் தெரிந்த நாதசுரக்காரர். விட்டுவர மனம் வரவில்லை. அப்படிச் சேர்ந்தது இன்று முந்நூறு தட்டுக்கு மேல். சிலவற்றின் உறையில் விற்ற கடையின் ரப்பர் முத்திரை இருக்கிறது. அந்தக் கடைகளும் இன்று இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் போளூரிலிருந்து ஒரு சில்லறை வியாபாரி பாக்கி கட்ட வந்தார். ஒரு நாதசுரத் தட்டின் மேல் இருந்த பெயரைப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அண்ணே, இது எங்க தாத்தா" என்றார். தாத்தா தட்டுக் கொடுத்தார் என்று வீட்டில் பேச்சு உண்டாம். கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. 78 சுற்றுக் கருவியில் வைத்தோம். கீறலும் இரைச்சலுமாக மூன்று நிமிடம் ஓடியது. அவர் அழுதார். தட்டை அவரிடமே கொடுத்துவிட்டோம். அதற்கு என்ன விலை என்று கேட்டார். போன மாதப் பாக்கியை முழுதாகக் கட்டிவிடுங்கள், போதும் என்றோம். கட்டினார்.

உறுப்பினர்கள் கவனத்துக்கு

உங்கள் பரணிலோ, பழைய வீட்டிலோ தட்டுகள் இருந்தால் நாம் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். முதலில், எல்லாப் பழைய தட்டும் பணம் என்று எண்ண வேண்டாம். நன்றாக ஓடிய சினிமாப் படங்களின் தட்டு ஏராளமாக இருக்கிறது. விலையை நிர்ணயிப்பவை மூன்று: எத்தனை மிச்சம், என்ன நிலைமை, யார் தேடுகிறார்கள். ஆசை காட்டிப் பெருந்தொகை சொல்பவரிடமும், ஒன்றுமே இல்லை என்று அள்ளிப் போக வருபவரிடமும் ஒரே அளவு எச்சரிக்கை தேவை.

கனமாக, தட்டினால் ஓசை தருவது அரக்குத் தட்டு. கீழே விழுந்தால் நொறுங்கும். அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது மரச்சாமான் பாலிஷ் போடுபவருக்குத் தெரிந்த சங்கதி. லேசாக வளைவது வினைல் தட்டு. வெயில் பட்டால் நெளிந்துவிடும். இரண்டையும் படுக்க வைத்து அடுக்காமல், பேரேடுகளைப் போல நிற்க வைக்க வேண்டும். அரக்குத் தட்டுக்கு ஊசி வேறு. வினைல் ஊசியை அதில் வைத்தால் பாட்டும் சரியாக வராது, ஊசியும் கெடும்.

விற்க மனமில்லாதவர்கள் பாட்டையாவது காப்பாற்றலாம். மும்பையில் 1990-ல் இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அச்சங்கத்தாரின் முயற்சியாலும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியாலும் ஓடியன் தட்டுகள் பல கணினியில் பதிவாகியிருக்கின்றன. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் அவர்கள் பல்லாயிரம் தட்டுகள் சேர்த்துப் பெயர் பெற்றார். தனி ஒருவர் ஆர்வத்தால் இவ்வளவு நடக்கும் என்றால், ஊருக்கு ஊர் கிளை உள்ள நம் சங்கத்தால் நடக்காதா?

நம் தாயார் 1998-ல் காலமானார். கடைசி நாட்களில் ஒன்று சொன்னார். மாமன் பாட்டின் நடுவே, உச்சத்துக்குப் போகும் இடத்தில், ஆர்மோனியக்காரர் தம்மை மறந்து "சபாஷ்" என்று சொல்லுவாராம். அதுவும் தட்டில் பதிந்திருக்கிறதாம். பெயர்ச்சீட்டு கிழிந்திருந்தாலும் அந்த சபாஷை வைத்து அடையாளம் கண்டுகொள் என்றார். அதனால்தான் பெயரழிந்த தட்டு எது கிடைத்தாலும் இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கேட்டுவிட்டே வைக்கிறோம்.

இந்த ஆண்டு தீபத்துக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது பரணையும் ஒருமுறை பாருங்கள். தட்டு ஏதேனும் இருந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன் சங்கக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது நம் மாமனாக இருக்கலாம். இல்லாவிட்டாலும், யாரோ ஒருவருடைய மாமனாகத்தான் இருக்கும்.