கரையை உடைத்து வாங்கிய ஈடு

ஓரிடத்தில் துறைமுகமோ குடியிருப்போ கட்டும்போது அங்கிருந்த உயிரினங்களின் இடம் போகிறது. அதற்கு ஈடாக வேறோரிடத்தில் விளைநிலத்தை வாங்கி, உழவை நிறுத்தி, பறவைக்கும் புல்பூண்டுக்கும் விட்டுவிடுகிறார்கள். இது உண்மையில் ஈடாகிறதா? இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும்.

கென்ட் மாவட்டத்தில் மெட்வே ஆற்றின் முகத்துவாரத்தில் லாப்பல் பேங்க் என்றொரு சேற்றுவெளி இருந்தது. சுமார் 22 ஹெக்டேர். கரையில் நின்று பார்ப்பவருக்கு வெறும் சேறு. ஆனால் கடல்நீர் வற்றியதும் பவளக்காலி உள்ளான் அங்கே வந்து இறங்கும். சிவந்த கால்களால் நடந்தபடியே அலகைச் சேற்றில் குத்திக் குத்தி, உள்ளே நெளியும் கடற்புழுக்களையும் சின்னஞ்சிறு நத்தைகளையும் எடுத்துத் தின்னும். குளிர்காலத்தில் அங்கே பகல் குறைவு, குளிரோ கடுமை. போதிய இரை கிடைக்காத பறவை பிழைக்காது.

1993இல் பிரிட்டன் அரசு மெட்வே முகத்துவாரத்தைப் பறவைகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. லாப்பல் பேங்கை மட்டும் விட்டுவிட்டது. பக்கத்திலிருந்த ஷீர்னஸ் துறைமுகத்தை விரிவாக்க அந்த இடம் வேண்டியிருந்தது. பறவைகள் பாதுகாப்புக்கான அரச சங்கம் வழக்குப் போட்டது. வழக்கு முடியும்வரை இடைக்காலத் தடை கேட்டது, கிடைக்கவில்லை. பொருளாதாரக் காரணம் காட்டி ஓர் இடத்தை விலக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1996இல் சொன்னது. சங்கம் ஜெயித்தது. சேற்றுவெளியோ அதற்குள் தூர்க்கப்பட்டு, கார் நிறுத்துமிடமாகிவிட்டது.

அதற்கும், ஃபீலிக்ஸ்டோ துறைமுக விரிவாக்கத்தில் போன ஃபாக்பரி சேற்றுவெளிக்கும் சேர்த்து அரசு தேடிப் பிடித்த ஈடுதான் எசெக்ஸ் கரையில் இருக்கும் வாலஸீ தீவு. கோதுமை விளைந்த நிலம். சில நூற்றாண்டுகளுக்கு முன் அதுவும் உவர்ச்சதுப்பாகவே இருந்தது. சுற்றிலும் கரை எழுப்பிக் கடலைத் தடுத்து வயலாக்கினார்கள்.

அப்படியானால் கரையை உடைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பில் ஒவ்வொரு முறையும் வண்டல் படிந்து நிலம் மெல்ல உயரும். கரைக்குள் அடைபட்ட வயலுக்கு வண்டல் வராது. ஈரம் வடிந்த மண் இறுகித் தாழ்ந்தும் போகும். அந்த நிலையில் கரையைத் திறந்தால் வயல் ஆழமான நீரில் மூழ்கிவிடும். நம் கடற்கரைகளில் காணும் உமரியைப் போன்ற உப்புத்தாவரங்கள் முளைக்க, உயர் ஓதத்தில் மட்டும் நனைகிற மேடு வேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழே சேறு வேண்டும். ஓர் அடி கூடினாலும் குறைந்தாலும் அங்கே வாழும் உயிர்களே மாறிவிடும். ஆகவே முதலில் மண் கொட்டிச் சரிவு அமைத்து, உட்புறத்தில் புதுக்கரை கட்டி, அதன் பிறகே 2006 ஜூலையில் பழைய கரையை உடைத்தார்கள். 115 ஹெக்டேர் கடலுக்குத் திரும்பியது.

பிறகு, வழக்குப் போட்ட அதே சங்கம் தீவின் மற்ற வயல்களையும் எடுத்துக்கொண்டது. லண்டனில் கிராஸ்ரெயில் சுரங்கப்பாதை தோண்டியபோது வெளிவந்த மண்ணில் சுமார் 30 லட்சம் டன் கப்பலில் வந்து இறங்கியது. அதைக் கொண்டு மேடும் ஓடையும் தீவுத்திட்டுகளும் அமைத்து, 2015இல் இன்னொரு பகுதியைக் கடலுக்குத் திறந்தார்கள். இன்று அங்கே அலகு மேல்நோக்கி வளைந்த அவோசெட் பறவை குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் பிரென்ட் வாத்துகள் கூட்டமாக வருகின்றன. மனதுக்கு நிறைவான காட்சிதான், சந்தேகமில்லை.

ஆனாலும் முழு ஈடு என்று என்னால் சொல்ல முடியாது. இப்படி மீட்ட சதுப்புகளுக்குப் பறவைகள் சீக்கிரம் வந்துவிடுகின்றன. தாவரங்களின் வகைவகையான கலவையோ பல ஆண்டுகள் ஆகியும் பழைய சதுப்புகளுக்கு இணையாகவில்லை என்பதை இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைவிட என்னை உறுத்துவது காலம். லாப்பல் பேங்க் போய்ப் பத்தாண்டுக்கு மேல் கழித்தே வாலஸீ வந்தது. இடைப்பட்ட குளிர்காலங்களில் அந்தப் பறவைகள் எங்கே மேய்ந்திருக்கும்?

2024 பிப்ரவரி முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான பெரிய கட்டுமானங்களுக்குப் புதுச் சட்டம் பொருந்துகிறது. அழியும் வாழிடத்தின் பரப்பு, தரம், நிலை ஆகியவற்றைக் கணக்கிட்டு, அதைவிட 10 சதவீதம் கூடுதலாக உருவாக்கித் தர வேண்டும். 30 ஆண்டு பராமரிக்கவும் வேண்டும். இதற்காக விவசாயிகள் தங்கள் நிலத்தையே வாழிடமாக்கி, அதன் மதிப்பைக் கணக்கு அலகுகளாகக் கட்டுமான நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். புதிய வாழிடம் உருவாகத் தாமதமானால் கணக்கில் அதன் மதிப்பைக் குறைக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய வாழிடம் அழிவதற்கு முன்பே புதியது தயாராகியிருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதைக் கட்டாயமாக்காதவரை இந்த ஏற்பாடு அரைகுறைதான்.