66 அடி இல்லையா? 30 அடி போதும்! வீட்டுக் கொல்லையிலே கிரிக்கெட் வலை

சென்னைத் தெருக்களில் பையன்கள் மட்டை பிடித்த காலம் மலையேறி வருகிறது. இரண்டு பக்கமும் கார்கள். பந்தை ஓங்கி அடித்தால் கண்ணாடி உடையும். கண்ணாடி உடைந்தால் சண்டை!

"டேய், இன்னொரு தடவை பந்து உள்ளே வந்துச்சு, திருப்பித் தர மாட்டேன்!" என்று எதிர்வீட்டு மாமி போடும் சத்தம் கேட்காத தெரு உண்டா?

இதனால் சொந்த வீடு உள்ளவர்கள் பலர் கொல்லைப்புறத்திலேயே வலை கட்ட நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கட்டும் முன்பு சில சங்கதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடம் போதுமா?

கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம், அதாவது 66 அடி. ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. 40-க்கு 60 என்று வைத்துக்கொண்டால், வீட்டையே இடித்தாலும் முழு ஆடுகளம் அடங்காது!

கவலை வேண்டாம். 30 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் இருந்தால் போதும். மணிக்கு 120 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் பந்து, முழு ஆடுகளத்தைக் கடந்து மட்டைக்கு வர அரை வினாடிக்குச் சற்று அதிகம் ஆகும். 24 அடி தூரத்தில் நின்று 50 கிலோ மீட்டர் வேகத்தில் கையால் எறிந்தாலும் அதே நேரம்தான். கண்ணுக்கும் கைக்கும் வேலை ஒன்றே.

தண்ணீர்த் தொட்டியும் ஒரு ஸ்டம்பும்

ஆஸ்திரேலியாவில் பவுரல் என்ற ஊரில் ஒரு சிறுவன். வலை கிடையாது. பந்து போட ஆள் கிடையாது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ப் பந்தை எறிவான். அது எகிறித் திரும்பி வரும்போது மட்டைக்குப் பதில் ஸ்டம்பால் அடிப்பான். அவன்தான் டான் பிராட்மன்! 1948-ல் ஓய்வு பெற்றபோது டெஸ்ட் சராசரி 99.94. இன்றுவரை யாரும் கிட்ட நெருங்கவில்லை.

எப்படிக் கட்டுவது?

இரும்புக் குழாய்களை 2 அடி ஆழத்தில் நட்டு கான்கிரீட் போட வேண்டும். வலையைக் குழாயோடு ஒட்டி இழுத்துக் கட்டக் கூடாது. ஓரடி உள்ளே தள்ளித் தொய்வாகத் தொங்கவிட்டால்தான் பந்து வேகம் குறைந்து அப்படியே கீழே விழும். மேலேயும் வலை வேண்டும். மட்டையாளருக்குப் பின்னால் இரட்டை வலையோ கெட்டிப் படுதாவோ கட்டுவது நல்லது.

கண்ணி 2 அங்குலத்துக்குள் இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மெல்லிய மீன்வலையை வாங்கினால் தோல் பந்து கிழித்துவிடும். பெரியமேடு விளையாட்டுச் சாமான் கடைகளில் கிரிக்கெட் வலை என்றே கேட்டு வாங்கலாம். தரையில் தேங்காய் நார் மேட்டிங் விரித்தால் பந்து ஒரே சீராக எழும்பும்.

வலையை வடக்கு தெற்காக அமைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணைக் கூசாது. ஐப்பசி மழை தொடங்கும் முன்பு வலையைக் கழற்றி மடித்து வையுங்கள். எலிக்கு எட்டாத இடமாக இருக்கட்டும்!

தலைக்கு வந்தது...

தோல் பந்தின் எடை சுமார் 160 கிராம். 2025 அக்டோபரில் மெல்போர்ன் நகரில் 17 வயதுப் பையன் ஒருவன் வலைப் பயிற்சியில் இருந்தபோது கழுத்தில் பந்து பட்டு இறந்துபோனான். ஹெல்மெட் அணிந்திருந்தான். கழுத்துக் காப்பு இல்லை. மேட்ச்சில் அல்ல, பயிற்சியில் நடந்த பரிதாபம் இது!

எனவே "நம்ம வீட்டுக் கொல்லைதானே" என்ற அலட்சியம் கூடாது. தோல் பந்து என்றால் ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் கட்டாயம். சின்னப் பையன்களுக்கு டென்னிஸ் பந்தே போதும்.

பந்து எறியும் அப்பாவுக்கும் ஆபத்து உண்டு. பையன் நேராக அடித்தால் பந்து அவர் முகத்துக்குத்தான் வரும். முன்னால் ஒரு வலைத் தட்டி வைத்து, எறிந்த கையோடு அதன் பின்னால் ஒதுங்க வேண்டும். கிணறு இருந்தால் கம்பி மூடி போடுங்கள். மேலே மின்கம்பி போகிறதா? அந்த இடத்தில் குழாய் நடவே வேண்டாம்!

இன்னொன்று. மதில் ஓரத்தில் குழி தோண்டும் முன்பு பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மத்தியானத் தூக்க நேரத்தில் "டொக், டொக்" சத்தம் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று பேசி வைத்துக்கொண்டால் வலையும் நிற்கும், உறவும் நிற்கும்!