வாடகை வீட்டில் வியாபாரம்: எவ்வளவு கழிக்கலாம்?

கோட்டாறு, வடசேரி பகுதிகளில் முன்னறையில் சரக்கும் கணக்கு மேசையும், பின்கட்டில் குடும்பமுமாக வாடகை வீட்டில் தொழில் நடத்துவோர் நம்மில் பலர். சிலர் முழு வாடகையையும் தொழில் செலவாக எழுதி விடுகிறார்கள். சிலர் பயந்து ஒரு பைசாவும் எழுதுவதில்லை.

1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 30, 38-வது பிரிவுகள் தொழிலுக்குப் பயன்படும் பகுதியின் வாடகையை மட்டுமே அனுமதித்தன. 2026 ஏப்ரல் 1-ல் அமலான புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் முறை இதுவே. 900 சதுர அடியில் 300 அடி சரக்கறை என்றால், மாத வாடகை ரூ.9,000-ல் ரூ.3,000 தான் தொழில் செலவு. ரசீது அவசியம்.

நம்மூரில் ஒற்றிக்கு இருப்பவர்கள் வாடகையே கொடுப்பதில்லை, கழிக்க ஒன்றுமில்லை. விற்பனையில் 8 சதவீதம் (வங்கி வழி வரவுக்கு 6) லாபம் என உத்தேசமாகக் காட்டுவோரும் தனியே கழிக்க முடியாது.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் கவனிக்க. 2022 ஜூலை 18 முதல், பதிவு பெற்றவர் வீட்டை வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத வரியை அவரே கட்ட வேண்டும். தனி உரிமையாளர் தம் சொந்தக் கணக்கில், தாம் குடியிருக்க எடுத்தால் 2023 ஜனவரி 1 முதல் விலக்கு உண்டு. வாடகையைக் கடைப் பேரேட்டில் ஏற்றினால் இவ்விலக்கு கேள்விக்குள்ளாகலாம். மேற்படி வீட்டின் வருட வாடகை ரூ.1,08,000-க்கு வரி ரூ.19,440. காம்போசிஷன் வியாபாரிக்கு அது திரும்பி வராது. ரூ.36,000 செலவு எழுதி மிச்சப்படுத்தும் வருமான வரியோ அதைவிடக் குறைவு தான்! பேரேட்டில் ஏற்றும் முன் ஆடிட்டரைக் கலந்து கொள்ளவும்.