தகடூரைக் காத்த உரைகாரர்கள்

சேர்வராயன் மலைக்கு வடக்கே தருமபுரி. சங்க காலத்தில் அதற்குத் தகடூர் என்று பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் கோட்டை இருந்த ஊர். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து அதை வென்றான். அந்தப் போரைச் சொல்லும் ‘தகடூர் யாத்திரை’ முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களாவது மிஞ்சியதற்கு உரைகாரர்களும் தொகுப்பாசிரியர்களும்தான் காரணம்.

தொல்காப்பியச் செய்யுளியலில் ‘தொன்மை’ என்று ஒரு வனப்பு வருகிறது. பழங்கதையை உரைநடை கலந்து சொல்வது அது. அதற்கு உரைகாரர் பேராசிரியர் காட்டும் சான்றுகள் பெருந்தேவனார் பாரதமும் தகடூர் யாத்திரையும். தொலைந்துபோன நூல் எப்படி நடந்தது என்பது அந்த ஒரு குறிப்பால் விளங்குகிறது. நச்சினார்க்கினியர் புறத்திணையியல் உரையில் அதன் பாடல்களையே எடுத்துக் காட்டுகிறார். ‘புறத்திரட்டு’ தொகுத்தவரும் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்தார்.

அரபு மண்ணிலும் கவிதை விமர்சனம் இப்படிக் காவல் வேலையாகவே வளர்ந்தது. பாலைவனத்துப் பாடல்கள் ராவி எனப்பட்ட மனப்பாடக்காரர்களின் வாய்வழியே வந்தவை. எட்டாம் நூற்றாண்டில் அவற்றை எழுதித் தொகுக்கத் தொடங்கியபோது, குலப் பெருமைக்காகப் புனைந்த பாடல்களும் உள்ளே நுழைந்தன. பஸ்ராவைச் சேர்ந்த இப்னு சல்லாம் அல்-ஜுமஹி (மறைவு சுமார் 846) இதை எதிர்த்து எழுதினார். ஆது, சமூது என்ற அழிந்துபோன இனங்களின் பேரில் பாடல்கள் உலவின. அந்த இனங்களே அழிந்த பிறகு இவற்றை யார் மனத்தில் ஏந்தி வந்தார்கள் என்று அவர் கேட்டார். நல்ல நாணயத்தைக் கள்ள நாணயத்திலிருந்து பிரிக்க நாணயம் தேர்பவர் வேண்டும். கவிதைக்கும் அப்படித் தேர்ந்தவர் வேண்டும் என்பது அவர் கட்சி. பிறகுதான் புலவர்களை வகுப்பு வகுப்பாக நிறுத்தினார். இம்ருல் கைஸ் முதல் வகுப்பில் இடம்பெற்றார்.

குறை சொல்வதே விமர்சனம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. பேராசிரியரும் இப்னு சல்லாமும் செய்தது அதற்கு முந்திய வேலை. இது எந்த வகைப் பாட்டு, யாருடையது, யார் வழி வந்தது என்று தேர்ந்து சொன்னார்கள். தரம் பார்ப்பது அந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கும்.

அந்த வேலை இன்னும் தீரவில்லை. சேர்வராயன் மலை ஊர்களில் வாய்மொழிப் பாட்டு சேகரிக்கப் போகிறவர்கள் பாட்டோடு திரும்பினால் போதாது. பாடியவர் யார், யாரிடம் கற்றார், பக்கத்து ஊரில் எந்தச் சொல் மாறுகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நாளைய விமர்சகருக்கு நாம் கொடுக்கக்கூடிய முதல் உதவி அதுதான்.