கார்த்திகையைத் தாண்டுவது எப்படி?

நகரத்து வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயம் செய்ய எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்தவர்களில் மூன்று பேரை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று பேரும் சித்திரை வெயிலைத் தாங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமானபோதும் தாங்கினார்கள். மூன்று பேருக்கும் "போதும், ஊருக்கே போயிடலாம்" என்று தோன்றியது ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும்தான். இரண்டு பேர் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்பது நாள் அப்படிப்பட்டது.

டெல்டாவில் குளிர்காலம் என்று சொன்னால் வடநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். இராத்திரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பகலும் ஒன்றும் பெரிதாகச் சுருங்கிவிடுவதில்லை. மார்கழியில் வருகிற மிகக் குட்டையான பகலே சுமார் பதினொன்றரை மணி நேரம். ஆனால் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்தப் பதினொன்றரை மணி நேரமும் சாயங்காலம் ஆறு மணி போலவே இருக்கும். ஒரு வாரம் சூரியனைப் பார்க்க முடியாது. தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு நீர் விடும், வறட்டி ஊறிவிடும், துவைத்த வேட்டி மூணாம் நாளும் வாடை அடிக்கும். வரப்பு கரைந்துகிடப்பதால் பக்கத்து வயல்காரர்கூட இந்தப் பக்கம் வரமாட்டார். கையில் காசும் இருக்காது. சம்பா அறுவடைக்குத் தை வரவேண்டும். நான் வங்கியில் இருந்த காலத்தில் நகைக் கடன் வாங்க வருகிறவர்களின் வரிசையைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம். தீபாவளிக்கு முன்னால் ஒரு கூட்டம், கார்த்திகையில் ஒரு கூட்டம்.

எனக்கு 66 வயது. இந்த இரண்டு மாதம் என் மனைவி கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருப்பார், பேரனுக்காக. வீட்டில் நானும், கொல்லையில் இரண்டு மாடுகளும், ஒரு கன்றும்தான். ஆகவே இதை நான் ஏட்டில் படித்துவிட்டு எழுதவில்லை. முதல் வருஷம் விவசாயம் செய்யும் நண்பர்கள் யாராவது இதழைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசலில் கொட்டுகிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கால். மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காலைப் பற்றிப் பேசவேண்டும். சேற்றிலேயே நிற்கிறவனுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் இராத்திரி தூக்கம் போகும், தூக்கம் போனால் எல்லாமே இருட்டாகத் தெரியும். சாயங்காலம் வயலிலிருந்து ஏறியதும் வெந்நீரில் கல்லுப்பைப் போட்டு காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவிக்கொள்வேன். மருதாணி அரைத்துப் பூசுகிறவர்களும் உண்டு. ஐந்து நிமிஷ வேலை. அதற்கென்று ஒரு காய்ந்த துண்டு தனியாக வைத்திருக்கிறேன், அதை வேறு எதற்கும் யாரும் தொடக்கூடாது. இன்னொன்று. காலில் வெட்டுக்காயம் இருக்கும்போது வயல் தண்ணீரில் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காயத்தின் வழியாக உள்ளே போய்த்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் சதையில் கடுமையான வலி வந்தால் கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நம் இயக்கத்தில் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அடுத்தது மாடு. விடிகாலை எழுந்திருக்க மனசு வராத நாளில் என்னை எழுப்புவது மாடுதான். அதற்குக் கார்த்திகையும் தெரியாது, நமக்கு மனசு சரியில்லை என்பதும் தெரியாது. கொட்டகைத் தரையில் ஆற்று மணல் பரப்பி வைத்திருப்பேன். ஈரமான வைக்கோலை வாரி வெளியே போட்டுவிட்டு, பரணில் சேர்த்து வைத்த காய்ந்த வைக்கோலை விரிப்பேன். குளம்பு ஈரத்திலேயே நின்றால் மாட்டுக்கும் நம்மைப் போலத்தான், புண் வரும். சாயங்காலம் கொசுவுக்கு நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு மூட்டம். அந்தப் புகை எழும்பி, மாடு அசை போட ஆரம்பிக்கும்போது அங்கேயே ஒரு மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். மாட்டின் உடம்புச் சூடும், புகையும், அந்த அரவமும் சேர்ந்தால் எனக்கு அது போதும். டி.வி. எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் கொஞ்சம் அழுத்தமாக உண்டு. மழைக்காலத்தில் சூடாக இரண்டு வேளை சமைக்காத ஆண்பிள்ளை சீக்கிரம் சோர்ந்துபோவான். தனியாக இருக்கிறவர்கள் காலையில் ஆக்கியதை இரவு வரை ஓட்டுவார்கள், வேண்டாம். சித்திரை, வைகாசியில் என் மனைவி காய வைத்த சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர்மிளகாய் எல்லாம் கார்த்திகையில்தான் முதிர்வடையும் டெபாசிட். கை நிறைய வற்றலை நல்லெண்ணெயில் வறுத்து ஒரு குழம்பு, சுட்ட அப்பளம், மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சி. வேலியில் இந்த மழைக்குத் தூதுவளை தளதளவென்று படரும். முள்ளைப் பார்த்துப் பறித்து நெய்யில் வதக்கி ரசம் வைத்தால் தொண்டைக்கு இதம். முடக்கத்தானை அரிசியோடு அரைத்துத் தோசை ஊற்றினால், மழைக்கு வலிக்கிற என் முழங்கால் நன்றி சொல்லும். எங்கள் வயலில் களை எடுக்க வரும் பெரியம்மா ஒருவர், "வயல் நண்டை இடிச்சு ரசம் வெச்சுக் குடிங்கய்யா, சளி ஓடியே போயிடும்" என்று ஒருநாள் ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மிளகு காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

சுக்கு மல்லிக் காப்பிப் பொடியை மட்டும் புரட்டாசி வெயிலிலேயே இடித்து வைத்துக்கொள்ளுங்கள். மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு, மிளகு கொஞ்சம், ஏலம் நாலைந்து, கருப்பட்டி குடிக்கும்போது. மழை பிடித்த பிறகு சுக்கை இடித்தால் உரலில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது கணக்கு. 34 வருஷம் வங்கியில் உட்கார்ந்ததில் எனக்கு மிஞ்சிய பழக்கம் இரண்டு. நாள் முடிந்தால் கணக்கை முடித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேண்டும். அவசரமாகக் கேட்கிறவருக்கு அவசரமாகக் கையெழுத்துப் போடக்கூடாது. இரண்டும் இந்த மாதங்களில் எனக்கு ரொம்ப உதவுகின்றன.

ஒரு நூறு பக்க நோட்டு. தினமும் இரவு அதில் நாலு வரி. மழைமானியில் எத்தனை மில்லி மீட்டர், வயலில் நட்டுவைத்த மூங்கில் குச்சியில் தண்ணீர் எத்தனை அங்குலம், எத்தனை லிட்டர் பால், அன்றைக்குக் கண்ணில் பட்ட நல்லது ஏதாவது ஒன்று. மழைமானி பெரிய செலவு இல்லை, அவசியம் வாங்குங்கள். ஒரு மில்லி மீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். ஆக, ஒரு இரவில் 84 மில்லி மீட்டர் பெய்தால் ஏக்கருக்கு சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் மழையைப் பற்றி இருக்கிற பயம் ஓரளவு குறைகிறது. இத்தனை தண்ணீர் எந்த வடிகால் வழியாகப் போகவேண்டும், அந்த வடிகாலில் எந்த இடத்தில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று மனசு வேலையில் இறங்கிவிடும். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு அங்கே போய் நிற்கலாம்.

இரண்டாவது பழக்கம்தான் முக்கியம். தொடர்ந்து இரண்டு நாள் வெயில் அடிக்கும் வரை பெரிய முடிவு எதுவும் எடுப்பதில்லை. நிலத்தை விற்பது, புதிதாகக் கடன் வாங்குவது, மாட்டைக் கொடுத்துவிடுவது, பக்கத்தில் இருப்பவரோடு வரப்புச் சண்டை, எதுவானாலும் இரண்டு நாள் வெயில் வரட்டும்.

இது பயிருக்கும் சேர்த்துத்தான். மூடாப்பில் பயிர் மஞ்சளாகத் தெரியும்போதுதான் நம் கொள்கை ஆட்டம் காண்கிறது. பக்கத்து வயல்காரர் யூரியா மூட்டையோடு போகிறார், நம் பயிர் வெளிறி நிற்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் "ஒரு கை போட்டுவிடுங்க சார், யாருக்குத் தெரியப் போவுது" என்கிறார்கள். ஆனால் தண்ணீர் தேங்கி, வெயிலும் இல்லாவிட்டால் வேருக்குக் காற்றுக் குறைந்து, சத்து எடுப்பதே மந்தமாகிவிடும். மண்ணில் சத்து இருந்தாலும் பயிர் வெளிறும். அந்த நேரத்தில் தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை கொழுத்து மெத்தென்று ஆகும். பின்னால் மார்கழிப் பனி இறங்கும்போது குலைநோய்க்கு நாமே இலை போட்டுக் கூப்பிட்ட மாதிரி. தண்ணீரை வடித்துவிட்டு, வெயிலுக்குக் காத்திருந்தால் பெரும்பாலும் பச்சை திரும்பிவிடுகிறது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் மாதிரி உயரமான ரகங்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பொறுமைசாலிகள்.

அந்த மூன்று பேரில் மிஞ்சிய தம்பி பக்கத்து ஊரில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். முதல் கார்த்திகையில் இராத்திரி ஒன்பதரைக்கு போன் செய்தார்.

"சார், எனக்கு இது ஒத்துவராதுன்னு தோணுது. பழைய கம்பெனியில் பேசிட்டேன், வரச் சொல்றாங்க."

"மழை விட்டு எத்தனை நாளாச்சு தம்பி?"

"எங்க சார் விட்டுச்சு, ஒன்பது நாளா பெய்யுது."

"சரி, நாளைக்குச் சாயங்காலம் இங்க வாங்க. கொட்டகைக்குக் கீத்து முடையணும், எனக்கு ஒரு கை குறையுது. வெயில் ரெண்டு நாள் அடிச்சப்புறம் கம்பெனிக்குப் பதில் சொல்லிக்கலாம்."

வந்தார். தென்னை மட்டையை ஊறப்போட்டு முடைய இதைவிட நல்ல காலம் கிடையாது, ஊறவைக்கிற வேலையை மழையே பார்த்துக்கொள்ளும். முதல் நாள் அவர் முடைந்த கீற்று ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. நாலு சாயங்காலம் தொடர்ந்து வந்தார். கம்பெனியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவருக்கு மூன்றாவது சம்பா.

கை வேலை எதுவானாலும் சரி. ஈர்க்கு கிழித்து விளக்குமாறு கட்டலாம், அரிவாளைத் தீட்டலாம், பீர்க்கங்காய்க் கூட்டை உடைத்து விதையைப் பொறுக்கி, சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் அடைக்கலாம். பக்கத்தில் திருச்சி வானொலி பாடிக்கொண்டிருக்கட்டும். 1960களில் எங்கள் ஜில்லாவில் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர், வானொலியில் கேட்டுவிட்டு அத்தனை பேர் நட்டார்கள். அந்த நெல்லோடு கூடவே என்னென்ன மூட்டைகள் வந்து இறங்கின என்று நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்றுச் சத்தம் மாறினால் மட்டும் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கடந்த பிறகு இந்தப் பக்கத்தில் பலருக்கும் அப்படித்தான். அதற்கு வெறுமனே தைரியம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. டார்ச், போனில் சார்ஜ், குடத்தில் தண்ணீர், மூன்று நாளைக்கு அரிசி, கைக்கு எட்டும் இடத்தில் கயிறு. இவற்றைச் சரி பார்த்துவிட்டால் ஒரு மணி நேரமாவது கண் அயரலாம்.

மனிதர்களையும் பார்க்கவேண்டும். நெல் ஜெயராமன் நம்மை விட்டுப் போனது 2018 டிசம்பர் 6. நம்மாழ்வார் ஐயா போனது 2013 டிசம்பர் 30, இங்கே பட்டுக்கோட்டை பக்கத்து அத்திவெட்டியில், மீத்தேன் திட்டத்துக்கு எதிராக மக்களைப் பார்க்க வந்திருந்த இடத்தில். இந்த இரண்டு நாட்களையும் நான் வீட்டில் கழிப்பதில்லை. எங்கே கூட்டம் என்று விசாரித்து, குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பேச்சைக் கேட்பதைவிட, டீக்கடை வாசலில் நாலு ஊர்க்காரர்கள் "உங்க பக்கம் தண்ணி வடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொள்வதற்காகவே போகலாம்.

மார்கழி பிறந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பனி இருக்கும், ஆனால் எட்டு மணிக்கு மேல் வெயில் முகம் காட்டும். வாசலில் சாணி உருண்டையில் பரங்கிப் பூ, வயலில் கதிர் வெளிவருகிற மணம். அப்போது சாப்பிடத்தான் பனங்கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, நாரைக் கிழித்துத் தின்றால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ஆனால் அதற்கு ஆவணி, புரட்டாசியிலேயே பனங்கொட்டை பொறுக்கவேண்டும். தண்ணீர் நிற்காத மேட்டில் மணலைக் குவித்துப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே ஒரு சாண் மண் போட்டு மூடிவிடுங்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு வருஷமும் இருநூறு கொட்டை போடுகிறேன். ஐம்பது எங்கள் வீட்டுக்கு, மிச்சம் கீற்று முடைய வருகிறவர்களுக்கு.