தரை டிக்கெட்டு இருந்த காலம்

வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் மளிகைக் கடைப் பாக்கியும் போக மீந்திருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமையாவது குழந்தைகளைச் சினிமாவுக்கு அழைத்துப் போகலாமா என்று கணவனும் மனைவியும் இரவில் தாழ்ந்த குரலில் ஆலோசனை செய்கிற குடும்பங்கள் இன்று நம் நகரங்களில் ஏராளம். மத்தியானம் நினைத்து, சாயங்காலம் புறப்பட்டுவிடக்கூடிய சந்தோஷமாக இருந்தது, மாதக் கணக்கில் திட்டமிட வேண்டிய செலவாக மாறிவிட்டது.

திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி 1905-ஆம் ஆண்டில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கிய நாளிலிருந்து, சினிமா சாமான்ய ஜனங்களின் கலையாகவே இங்கே வளர்ந்தது. பின்னால் வந்த டூரிங் டாக்கீஸ்களில் தரை, பெஞ்சு, நாற்காலி என்று கட்டணங்கள் படிப்படியாக இருந்தன. முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறதென்று தரையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த கூலிக்காரரின் பிள்ளையும், பின்னால் நாற்காலியில் சாய்ந்திருந்த மிராசுதாரும் ஒரே காட்சியில் கண் கலங்கினார்கள். தன் சக்திக்கு ஏற்ற ஒரு படி எப்போதும் உண்டு என்ற நிச்சயம் ஏழைக் குடும்பத்துக்கு இருந்தது. இடைவேளையில் சோடாவும் வேர்க்கடலையும் வாங்கலாம்; மடியில் முடிந்துகொண்டு வந்த முறுக்கையும் தின்னலாம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் டிக்கெட்டு விலைக்கு அரசாங்கமே உச்சவரம்பு விதிக்கிறது. 2017 அக்டோபரில் மல்டிபிளெக்ஸ்களுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று நிர்ணயம் செய்தார்கள். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆதலால் அது 177 ஆகிறது. உள்ளாட்சிக் கேளிக்கை வரி அதற்கு மேல். தாய் தகப்பன், இரண்டு பிள்ளைகள், பாட்டி என்று ஐந்து பேர் போனால், இணையத்தில் பதிவு செய்வதற்கான கட்டணத்தையும் சேர்த்து, 1,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஆட்டோச் சத்தமும் இடைவேளைச் செலவும் கூடினால் 2,000-த்தில் நின்றால் பெரிது.

இதிலே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. டிக்கெட்டுக்கு இருக்கிற உச்சவரம்பு, பாப்கார்னுக்கும் காப்பிக்கும் கிடையாது. வசூலில் பெரும் பங்கு, அதிலும் முதல் வாரத்தில், விநியோகஸ்தரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது; மீதியைக் கொண்டு மின்சாரக் கட்டணமும் குளிர்சாதனச் செலவும் ஊழியர் சம்பளமும் ஈடுகட்ட முடியாத அரங்குக்காரர், முழுக்க முழுக்கத் தம்முடையதான கேன்டீன் வருமானத்தை நம்பித்தான் நிற்கிறார். நாட்டின் மிகப் பெரிய அரங்க நிறுவனமான பி.வி.ஆர். ஐநாக்ஸின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உணவு, பானங்களின் மூலமாக வருவதே இதற்கு அத்தாட்சி. அவர்களுடைய கஷ்டம் வாஸ்தவமானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கஷ்டத்தின் பாரம் முழுவதையும், இடைவேளையில் பசிக்கிறதென்று சொல்லும் ஆறு வயதுக் குழந்தையின் தலையில் இறக்கிவைப்பது நியாயமென்று என் மனம் ஒப்பவில்லை. வீட்டில் பண்ணிக் கொண்டுவந்த பலகாரப் பொட்டலத்தைப் பாட்டியின் பையிலிருந்து எடுத்து வாசலில் வைக்கச் சொல்கிறபோது, அந்த அம்மாளின் முகம் போகிற போக்கைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் அரங்குக்காரர் பக்கமே இருக்கிறது. வெளியிலிருந்து உணவு கொண்டுவரக் கூடாது என்று தடுக்க அவர்களுக்கு உரிமை உண்டென்று சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜனவரி 3-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்றும், கைக்குழந்தைக்கு வேண்டிய ஆகாரத்தைப் பெற்றோர் நியாயமான அளவில் எடுத்துச் செல்வதற்குத் தடையில்லை என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. முதற்பகுதி நுழைவாசலில் பலகையாகத் தொங்குகிறது. பிற்பகுதி பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது.

பழைய படிகளில் மிச்சம் ஏதாவது உண்டா? சென்னை மல்டிபிளெக்ஸ்களிலேயே திரைக்கு வெகு அருகில் 10 ரூபாய் இருக்கைகள் இருந்த காலம் உண்டு. அவை எண்ணிக்கையில் சொற்பம், கிடைப்பதும் அரிது. குடும்பங்களுக்கு மெய்யான நிழலாக இருந்தவை நடுத்தரமான பழைய தியேட்டர்களே. 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த மதுரைத் தங்கம் தியேட்டர் இன்று இல்லை. சென்னை அசோக் நகரின் உதயம் 2024-இல் மூடப்பட்டது. இப்படி ஒவ்வொன்றாகப் போகும்போது, படிக்கட்டின் கீழ்ப்படிகளை உடைத்து எடுத்துவிட்டு, ஏறி வா என்று கூப்பிடுவது போல ஆகிவிடுகிறது.

ஆயினும் ஒரு சிறு அனுகூலம் நேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 100 ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டின் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மேற்பட்டதற்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. 150 ரூபாய் இருக்கைக்கு 27 ரூபாய் வரி. 100 ரூபாய் இருக்கைக்கு 5 ரூபாய். உங்கள் ஊரில் நல்ல நிலையில் இன்னும் உயிரோடிருக்கிற பழைய தியேட்டர் ஒன்று இருந்தால், குடும்பத்தோடு அங்கே போங்கள். பெரிய அரங்குக்கே போக நேர்ந்தாலும், தண்ணீர்ப் புட்டியை விலைக்கு வாங்குவதற்கு முன்னால், இலவசக் குடிநீர் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்.